கழுதைப்புலி: எலும்பிலிருந்து தொடங்கிப் பார்த்தால்

கழுதைப்புலி நாய்ச் சாதியா? சிங்கம் தின்று மிச்சம் வைத்ததைத் தின்று பிழைப்பதுதானா? ஆண், பெண் என்ற பேதமே தெரியாத பிராணி என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? தமிழ்நாட்டுக் காடுகளில் இருக்கிறதா, இருந்தால் எப்படிக் கண்டுகொள்வது? கேட்கப்பட்டிருக்கும் இந்த நான்கு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். டிவியில் நாம் பார்ப்பது ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி. நம் காட்டில் இருப்பது வரிக் கழுதைப்புலி. கூட்டமாகத் துரத்தி வேட்டையாடுவது, சிரிப்பது போலக் கத்துவது, பெண்கள் ஆட்சி செய்வது, பெண்ணுக்கும் ஆண்குறி போன்ற உறுப்பு இருப்பது எல்லாமே புள்ளிக் கழுதைப்புலியின் சங்கதிகள். நம் வரிக் கழுதைப்புலிக்கு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது. ஒன்றின் குணத்தை இன்னொன்றின் தலையில் கட்டுவதால்தான் இந்த விலங்கைப் பற்றிய பாதித் தவறுகள் வருகின்றன.

இந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடிருப்பவை நான்கே இனங்கள். சகாராவுக்குத் தெற்கே வாழும் புள்ளிக் கழுதைப்புலி 45 முதல் 80 கிலோ வரை இருக்கும். இந்தியாவில் தொடங்கி ஈரான், அரேபியா வழியாக வடக்கு, கிழக்கு ஆப்பிரிக்கா வரை பரவியிருக்கும் வரிக் கழுதைப்புலி 25 முதல் 40 கிலோ. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கலஹாரி, நமீபியக் கடற்கரை போன்ற வறண்ட நிலங்களில் மட்டும் காணப்படும் பழுப்புக் கழுதைப்புலியும் ஏறக்குறைய 40 கிலோதான். நான்காவது ஆர்ட்வுல்ஃப். பத்து கிலோ அளவில், நரியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் இது கரையான் தின்றே உயிர் வாழ்கிறது.

நாயா, பூனையா என்றால் பூனைப் பக்கம். ஊனுண்ணி வரிசை இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிகிறது. நாய், ஓநாய், கரடி, கடல்நாய் எல்லாம் ஒரு கிளை. புலி, பூனை, புனுகுப்பூனை, கீரி, கழுதைப்புலி மற்றது. அந்தக் கிளைக்குள்ளும் கழுதைப்புலிக்கு நெருங்கிய சொந்தம் கீரிகளும் மடகாஸ்கர் தீவில் வாழும் ஃபோசா போன்ற ஊனுண்ணிகளும்தான். உள்ளிழுக்க முடியாத நகம், நீண்ட கால், நெடுந்தூரம் ஓடும் திறன் ஆகியவை நாயை நினைவூட்டலாம். நெடுந்தூரம் ஓடிப் பிழைக்கும் வாழ்க்கை இரண்டு வம்சங்களிலும் தனித்தனியாக உண்டாக்கிய ஒற்றுமை அது.

இந்தக் குடும்பத்துக்கு 2 கோடி ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. புதைபடிவங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் கிடைத்திருக்கின்றன. தொடக்கத்தில் இருந்தவை புனுகுப்பூனை போன்ற சிறு உடல் கொண்டவை. பிறகு நாய் போல ஓடும் வகைகள் யூரேசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெருகின. அந்தக் காலத்தில் உண்மையான நாய்க் குடும்பம் வட அமெரிக்காவில் மட்டுமே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நாய் வம்சம் ஆசியாவுக்குள் வந்து பரவிய காலத்தில்தான் ஓடும் வகைக் கழுதைப்புலிகள் தேய்ந்தன. எலும்பு உடைக்கத் தெரிந்தவை தங்கின. அவற்றிலேயே மிகப் பெரியதான பாகிக்ரோகூட்டா 100 கிலோவுக்கு மேல் இருந்திருக்கும். சீனாவின் சௌகௌடியன் குகையில் கிடைத்த ஆதி மனித எலும்புகள் பலவற்றில் அதன் பல் தடங்கள் இருக்கின்றன.

கழுதைப்புலியின் உடம்பையும் சமூகத்தையும் விளங்கிக்கொள்ள எலும்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு பெரிய விலங்கு செத்தால் சிங்கமும் சிறுத்தையும் தசையைத் தின்றுவிட்டுப் போய்விடும். தொடை எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, எலும்பிலேயே பொதிந்திருக்கும் கொழுப்பு, புரதம் எல்லாம் அப்படியே கிடக்கும். பாலூட்டிகளில் அந்தப் பண்டத்தைத் திறந்து தின்னும் கருவியை முழுமையாக வைத்திருப்பது கழுதைப்புலிதான்.

அந்தக் கருவியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மண்டையோட்டின் உச்சியில் முன்னும் பின்னுமாக ஓடும் உயர்ந்த எலும்பு முகடு ஒன்று இருக்கிறது. தாடையை இறுக்கும் தசை அதில்தான் பற்றியிருக்கும். நெற்றி குவிமாடமாக மேலெழுந்திருப்பதால், கடிக்கும்போது எழும் விசை ஓரிடத்தில் குவியாமல் மண்டை முழுவதும் பரவி இறங்குகிறது. முன்கடைவாய்ப் பற்கள் தடித்த கூம்பு வடிவில் இருக்கின்றன. பல்லின் எனாமலுக்குள் நுண்ணிழைகள் குறுக்கும் நெடுக்குமாக மடிந்து அமைந்திருப்பதால் ஓரிடத்தில் விரிசல் விட்டாலும் அது நேராக ஓடிப் பல்லைப் பிளக்காது. முக்கியமான சங்கதி பற்களின் வரிசையில் இருக்கிறது. எலும்பு உடைக்கும் பல் முன்னாலும், இறைச்சியைக் கத்தரிக்கும் பல் பின்னாலும் இருக்கின்றன. உடைக்கும் வேலையைக் கத்தரிப் பல் செய்வதில்லை என்பதால் அதன் கூர் மழுங்குவது குறைகிறது. ஓநாய் எலும்பை உடைப்பது கத்தரிப் பல்லுக்கும் பின்னால் இருக்கும் கடைவாய்ப் பற்களால். ஒரே வேலைக்கு இரண்டு வம்சங்களும் வெவ்வேறு பற்களைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன.

உடைத்து விழுங்கிய எலும்பு வயிற்றின் கடும் அமிலத்தில் கரைந்துவிடும். கொழுப்பும் புரதமும் உடம்பில் சேரும், சுண்ணாம்புச் சத்து எச்சமாக வெளியேறும். அதனால்தான் கழுதைப்புலியின் எச்சம் காய்ந்ததும் சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்துக் கிடக்கிறது. ரோமமும் குளம்பும் செரிக்காமல் உருண்டையாக வாந்தியில் வந்துவிடும்.

இந்த விவரங்களைக் கொண்டே இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதிரை அவிழ்த்தார்கள். 1821இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கிர்க்டேல் குகையில் யானை, காண்டாமிருகம், நீர்யானை எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. நோவா காலத்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து சேர்த்தவை என்பது அன்றைய எளிய விளக்கம். புவியியலாளர் வில்லியம் பக்லாந்து அவற்றில் கடித்த தடங்களைப் பார்த்தார், வெளுத்த எச்சக் கட்டிகளையும் பார்த்தார். கூண்டில் இருந்த உயிருள்ள கழுதைப்புலிக்கு மாட்டெலும்பு கொடுத்து, அது மென்று போட்ட மிச்சத்தைக் குகை எலும்புகளோடு ஒப்பிட்டார். எந்த முனையைத் தின்றது, எதை விட்டது என்பது வரை பொருந்தியது. அந்தக் குகை கழுதைப்புலிகளின் வளை என்பது உறுதியாயிற்று. புதைபடிவத்தைப் பரிசோதனையால் விளக்கிய முதல் முயற்சிகளில் ஒன்று அது. 1822இல் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்லி பதக்கம் கொடுத்தது. எலும்பை வளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பழக்கம் இன்றும் உண்டு. சவுதி அரேபியாவில் உம் ஜிர்சான் என்ற எரிமலைக் குழம்புக் குகையில் பல்லாயிரம் ஆண்டுகளாக வரிக் கழுதைப்புலிகள் சேர்த்த லட்சக்கணக்கான எலும்புகள் கிடப்பதை 2021இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

இனி, சிங்கத்தின் மிச்சத்தில் பிழைக்கிறது என்ற அந்தப் பட்டம். விடியற்காலையில் ஆப்பிரிக்காவின் சவன்னாப் புல்வெளிக்குப் போகும் ஒருவர் சிங்கங்கள் தின்றுகொண்டிருப்பதையும் கழுதைப்புலிகள் சுற்றிக் காத்திருப்பதையும்தான் பார்ப்பார். சிங்கம் கொன்றது, இவை மிச்சத்துக்கு அலைகின்றன என்றுதான் யாருக்கும் தோன்றும். 1960களில் விலங்கியல் ஆய்வாளர் ஹான்ஸ் குரூக் தான்சானியாவின் கொரோங்கோரோ பள்ளத்தில் இரவெல்லாம் வண்டியில் பின்தொடர்ந்து பார்த்தபோது கதை தலைகீழாக இருந்தது. அங்கே பெரும்பாலான இரையைக் கழுதைப்புலிகளே இரவில் கொன்றன. அவற்றின் கூச்சல் கேட்டு வந்து விரட்டிவிட்டுப் பறித்தது சிங்கம். மற்ற இடங்களிலும் ஆராய்ந்ததில் புள்ளிக் கழுதைப்புலி தன் உணவில் 60 முதல் 95 விழுக்காடு வரை தானே வேட்டையாடியது என்று தெரிந்தது. சிங்கம் கொன்றதை இது பறிப்பதும் உண்டு. யார் யாரிடம் பறிப்பது என்பதை எண்ணிக்கை தீர்மானிக்கிறது, கூடவே ஆண் சிங்கம் இருக்கிறதா என்பதும். ஆண் சிங்கம் வந்துவிட்டால் கழுதைப்புலிகள் பெரும்பாலும் விலகிவிடும்.

பதுங்கிப் பாய்வது இதன் வழியல்ல. வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் மந்தைக்குள் ஒன்றிரண்டு கழுதைப்புலிகள் சும்மா ஓடிப் பார்க்கும். சிதறி ஓடும்போது எது நொண்டுகிறது, எது பின்தங்குகிறது என்று நின்று கவனிக்கும். பிறகு அந்த ஒன்றையே பல கிலோமீட்டர் தூரம், மணிக்கு 60 கிலோமீட்டர் வரையான வேகத்தில் துரத்தும். உடல் எடைக்கு இதன் இதயம் பெரிது, அதனால் இரை களைக்கும், துரத்துவது களைக்காது. பிடித்ததும் தொண்டையைக் கவ்விக் கொல்லாமல் வயிற்றைக் கிழித்துத் தின்னத் தொடங்கிவிடும். பார்க்கக் கொடூரமாகத் தோன்றுவதும் கெட்ட பெயர் வந்ததும் இதனால்தான். முப்பது நாற்பது வாய்கள் சேர்ந்தால் ஒரு முழு வரிக்குதிரை அரை மணி நேரத்தில் காலி. மெதுவாகத் தின்றால் பங்கு கிடைக்காது, சிங்கமும் வந்துவிடும்.

இந்த அவசரம்தான் சமூக அமைப்புக்குக் கொண்டுபோய் விடுகிறது. புள்ளிக் கழுதைப்புலிகள் வாழும் குலத்தில் சில இடங்களில் பத்து உறுப்பினர், இரை மலிந்த இடங்களில் எண்பதுக்கும் மேல். குலம் முழுவதும் எப்போதும் சேர்ந்தே திரிவதில்லை. சிறு குழுக்களாகப் பிரிவதும் கூடுவதுமாக இருக்கும். ஆனால் யார் யாருக்கு மேல் என்பது எல்லோருக்கும் தெரியும். உச்சியில் ஒரு பெண். அவளுடைய குட்டிகள் அவளுக்கு நேர் அடுத்த படி. அவற்றுக்குள் கடைசியாகப் பிறந்ததே மூத்ததுக்கு மேல், ஏனென்றால் சண்டை வந்தால் தாய் சின்னதின் பக்கம் நிற்பாள். பிறந்த குலத்தை விட்டு வேறு குலத்தில் சேர வரும் ஆண், வரிசையில் கடைசியில் நின்று, வந்த முறைப்படி மெல்ல மேலேறுவான்.

பெண் எப்படி ஆணுக்கு மேல் வந்தாள்? பெண் சற்றுப் பெரியவள் என்பது உண்மைதான், ஆனால் வேறுபாடு 10 விழுக்காட்டு அளவுதான். கொரோங்கோரோவில் 1996 முதல் நடந்துவரும் நீண்ட ஆய்வு 2019இல் காட்டிய விடை வேறு. இரண்டு விலங்குகள் மோதும்போது யாருக்குக் குலத்தில் ஆதரவு அதிகமோ அதுவே வெல்கிறது. பெண் தன் பிறந்த வீட்டிலேயே இருப்பதால் அவளுக்குத் தாய், அக்கா, தங்கை, அத்தனை பேரும் துணை. வந்தேறி ஆணுக்கு யாருமில்லை. பிறந்த குலத்திலேயே தங்கிவிடும் ஆண், ஆதரவு தன் பக்கம் இருக்கும்போது பெண்களையும் பணிய வைக்கிறான். கென்யாவின் மசாய் மாராவில் 1988 முதல் ஆய்வு நடத்திவரும் கே ஹோலேகாம்பும் அவர் குழுவினரும் இன்னொரு கண்ணியைச் சேர்த்தார்கள். எலும்பு உடைக்கும் மண்டையும் தாடையும் முற்ற ஏறக்குறைய மூன்று வயதாகிறது. பால் மறப்பதோ ஒரு வயதைக் கடந்த சில மாதங்களில். இடைப்பட்ட காலத்தில் பெரியவற்றோடு போட்டி போட்டுத் தின்னக் குட்டியால் ஆகாது. தாய் மற்றவர்களை விரட்டி இடம் பிடித்துக் கொடுத்தால்தான் அது பிழைக்கும். முரட்டுத் தாய்களின் குட்டிகளே தேறின என்பது அவர்கள் வாதம். எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது. தாடை எலும்பின் கணக்கு குலத்தின் ஆட்சிமுறை வரை போகிறது.

ஆண்களின் வெளியேற்றத்துக்கும் பெண்களே காரணம். பெண் தான் பிறந்த பிறகு குலத்தில் வந்து சேர்ந்த, அல்லது தனக்குப் பின் பிறந்த ஆண்களோடுதான் பெரும்பாலும் இணைகிறாள். இந்த எளிய விதி போதும், தகப்பனோடும் அண்ணனோடும் இணைவது தானாகவே தவிர்ந்துவிடும். தகப்பன் யாரென்று அவளுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. இளம்பெண்கள் நிறைய இருக்கும் குலத்தைத் தேடி ஆண்கள் போவதும் இதனால்தான்.

ஆண் பெண் பேதம் தெரியாது என்பதில் பாதி உண்மை இருக்கிறது, அதுவும் புள்ளிக் கழுதைப்புலிக்கு மட்டும். பெண்ணின் கந்து (பெண்குறிக் காம்பு) ஆண்குறி அளவுக்கு நீண்டிருக்கும், விறைக்கும். யோனிக்கு வெளியே தனி வாயில் கிடையாது. சிறுநீர், புணர்ச்சி, பிரசவம் மூன்றுமே அந்தக் குழாய் வழியாகத்தான். இதழ்கள் ஒட்டி விதைப்பை போலத் தோற்றம் தரும். விலங்கு வருடத்துக்கு வருடம் பால் மாறுகிறது என்ற பழங்கதையை அரிஸ்டாட்டில் அன்றே மறுத்தார், ஆனால் அவர் விவரித்தது வரிக் கழுதைப்புலியை. புள்ளிக் கழுதைப்புலிப் பெண்ணை அறுத்துப் பார்த்து மாரிசன் வாட்சன் விவரித்தது 1877இல்.

களத்தில் பிரித்தறிய வழி உண்டு. சந்திக்கும்போது ஒன்றையொன்று தலைமாறி நின்று, ஒரு காலைத் தூக்கி, உறுப்பை முகர்வது இவற்றின் வணக்கம். அப்போது நுனியைப் பார்க்க வேண்டும். ஆணின் நுனி கூராக, அதற்குச் சற்றுப் பின்னால் ஒடுங்கி இருக்கும். பெண்ணின் நுனி மொட்டையாக, பீப்பாய் போல ஒரே பருமனாக இருக்கும். குட்டி ஈன்றவளானால் அடிப்பக்கத்தில் கிழிந்து ஆறிய வடு தெரியும், இரண்டு முலைகளும் தொங்கும். உறுப்பைப் பார்க்க வாய்ப்பில்லாமல், உடல் பருமனை மட்டும் வைத்து ஆண் பெண் சொன்னால் பெரும்பாலும் தவறிவிடும்.

இந்த அமைப்புக்குக் கொடுக்கும் விலை பெரிது. குட்டி வரும் பாதை நீளம், நடுவில் கூர்மையான வளைவு, கடைசியில் குறுகிய குழாய். தொப்புள்கொடியோ குட்டை. குட்டி வெளியே வருவதற்குள் கொடி அறுந்து மூச்சு முட்டி இறப்பது தலைப்பிரசவத்தில் சகஜம். அமெரிக்காவின் பெர்க்லியில் 1980களின் நடுவிலிருந்து வளர்க்கப்பட்ட கூட்டத்தில் முதல் ஈற்றுக் குட்டிகளில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. முதல் முறை கிழிந்த பிறகு அடுத்தடுத்த பிரசவங்கள் சுலபமாகின்றன. ஆண் ஹார்மோன்தான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். கருவுற்ற பெண்களுக்கு அந்த ஹார்மோனைத் தடுக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தபோதும் பெண் குட்டிகளுக்கு அந்த உறுப்பு உருவாகவே செய்தது, வடிவம் மட்டும் கொஞ்சம் மாறியது. ஆக ஹார்மோன் முழுக் காரணம் ஆகாது.

110 நாள் கர்ப்பம், வழக்கமாக இரண்டு குட்டிகள். கண் திறந்து, கோரைப் பல் முளைத்தே பிறக்கும். பிறந்த சில நிமிடங்களிலேயே ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கிவிடும். பால் தட்டுப்பாடான காலத்தில் பலவீனமானது செத்தும் போகும். சில வாரங்களில் தாய் அவற்றைக் குலத்தின் பொதுவளைக்குக் கொண்டுவருவாள். வளையின் சுரங்கம் குட்டி மட்டும் நுழையும் அளவே இருக்கும், சிங்கமும் நுழையாது, பெரிய கழுதைப்புலியும் நுழையாது. பொதுவளை என்றாலும் பால் பொதுவல்ல. ஒவ்வொரு தாயும் தன் குட்டிக்கே கொடுப்பாள். செரங்கெட்டியில் வில்டபீஸ்ட் கூட்டம் தூரம் போய்விடும் மாதங்களில் பாலூட்டும் தாய்கள் 40, 50 கிலோமீட்டர் போய்த் தின்றுவிட்டுத் திரும்புகின்றன. குட்டிகள் நாள்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். அந்தப் பயணத்தில் கள்ள வேட்டைக்காரர் மானுக்கு வைத்த கம்பிக் கண்ணியில் தாய் சிக்கினால் வளையில் இருக்கும் குட்டிகளும் முடிந்தன.

சிரிப்புச் சத்தம் மகிழ்ச்சியால் வருவதில்லை. தின்னுமிடத்தில் அடிபடும், விரட்டப்படும், படபடப்பில் இருக்கும் கழுதைப்புலி எழுப்பும் ஓலம் அது. ஊ...ப் என்று கீழிருந்து மேலேறும் கூவல்தான் இவற்றின் உண்மையான தொலைபேசி. சில கிலோமீட்டர் கேட்கும், குரலை வைத்தே ஆளை அடையாளம் காணும். அந்நியக் குரல்களை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டிய சோதனையில், எத்தனை பேர் கூவுகிறார்கள் என்பதைத் தங்கள் தரப்பு எண்ணிக்கையோடு ஒப்பிட்டே நெருங்கவோ விலகவோ செய்தன. இரண்டு கயிறுகளை ஒரே நேரத்தில் இழுத்தால்தான் உணவு விழும் என்ற சோதனையையும் பயிற்சி இல்லாமலே ஜோடியாகச் செய்து முடித்திருக்கின்றன.

பழுப்புக் கழுதைப்புலியின் வாழ்க்கை வேறு. வளையைப் பகிர்ந்துகொண்டாலும் இரை தேடத் தனியாகவே போகும். கலஹாரியில் பிணம், தீக்கோழி முட்டை, தண்ணீருக்காகக் காட்டுத் தர்ப்பூசணி. நமீபியக் கடற்கரையில் கடல்நாய்க் குட்டிகள். குதச் சுரப்பியிலிருந்து புல்தண்டில் இரண்டு வகைப் பசையைத் தடவிச் செல்லும். சில மணி நேரத்தில் மணம் போய்விடும் கறுப்புப் பசையும், வாரக்கணக்கில் மணக்கும் வெள்ளைப் பசையும். இந்தப் பக்கம் இப்போதுதான் ஒருவர் தேடிவிட்டுப் போனார் என்று குடும்பத்துக்குச் சொல்வது கறுப்பு, இது எங்கள் எல்லை என்று அந்நியருக்குச் சொல்வது வெள்ளை என்று கொள்கிறார்கள்.

ஆர்ட்வுல்ஃப் எலும்புத் தொழிலையே விட்டுவிட்டது. கடைவாய்ப் பற்கள் வெறும் முளைகளாகச் சுருங்கிவிட்டன. இரவில் மேய வெளியே வரும் ஒரு வகைக் கரையானை ஒட்டும் நாக்கால் நக்கியே ஒரு ராத்திரியில் 2 லட்சத்துக்கும் மேல் தின்றுவிடும். புற்றைத் தோண்டுவதில்லை. அந்தக் கரையானின் காவலாளிகள் பீய்ச்சும் பிசின் திரவத்தை மற்ற விலங்குகள் தாங்குவதில்லை, இது தாங்கும். குளிர்காலத்தில் கரையான் வெளியே வராதபோது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும்.

மனிதனுக்குப் புள்ளிக் கழுதைப்புலிகளால் ஆகும் வேலையைப் பார்க்க எத்தியோப்பியா போக வேண்டும். ஹரார் நகரின் பழைய மதிற்சுவரில் இரவில் கழுதைப்புலிகள் வந்துபோகத் தாழ்வான திறப்புகள் உண்டு. வடக்கே மெகெலே நகரில் 2021இல் வெளியான கணக்குப்படி ஊரைச் சுற்றியுள்ள கழுதைப்புலிகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 டன் கால்நடைப் பிணங்களையும் கசாப்புக் கழிவையும் தின்று தீர்க்கின்றன. அதனால் ஆந்த்ராக்ஸ், மாட்டுக் காசநோய்த் தொற்றுகள் கால்நடைகளிலும் மனிதர்களிலும் குறைகின்றன. எத்தியோப்பியத் திருச்சபையின் 55 நாள் நோன்புக் காலத்தில் கசாப்பு நின்றுவிடும்போது இவை கழுதைகளைப் பிடிக்கத் தொடங்குகின்றன. எச்சத்தில் கழுதை ரோமம் இரட்டிப்புக்கு மேல் கூடியதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். கழிவு இருக்கும்வரை கால்நடைக்குச் சேதம் குறைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் வரிக் கழுதைப்புலி தமிழ்நாட்டில் முக்கியமாக மோயாற்றுப் பள்ளத்தாக்கு, சீகூர் பீடபூமி என முதுமலை, சத்தியமங்கலம் காப்பகங்களின் வறண்ட முட்காடுகளில் இருக்கிறது. வடக்கே ராஜஸ்தான், குஜராத்தில் இன்னும் பரவலாக உண்டு. இலங்கையில் இல்லை. தனித்தோ ஜோடியாகவோ இரவில் மட்டும் திரியும், அதிகம் சத்தம் போடாது. பிணம், எலும்பு, சிறு பிராணிகள், பழங்கள் எல்லாம் தின்னும். புலியும் சிறுத்தையும் விட்டுப்போன இரை பெரிய ஆதாரம். மிரண்டால் கழுத்திலிருந்து வால் வரை பிடரி மயிரைச் சிலிர்த்து உடம்பைப் பெரிதாகக் காட்டும். நாய்கள் சூழ்ந்துகொண்டால் செத்தது போலக் கிடந்து தப்பப் பார்க்கும். கிணற்றிலோ தோட்டத்திலோ மாட்டிக்கொண்டால் கூட்டம் கூடிக் கல்லெறிவதுதான் ஆபத்தை உண்டாக்குகிறது. நாய்களைக் கட்டிவிட்டு, ஆட்களை விலக்கி, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, போக ஒரு வழியைத் திறந்து வைப்பதே சரி.

தடத்தில் நான்கு விரல்கள், நகம் பதிந்திருக்கும். அதனால் சிறுத்தையோடு குழப்ப வேண்டாம், சிறுத்தை நடக்கும்போது நகம் பதியாது. நாயோடுதான் குழப்பம் வரும். முன்கால் தடம் பின்கால் தடத்தைவிட நன்றாகப் பெரிதாக, விரல்கள் நெருக்கமாகவும் உள்ளங்கால் மெத்தை சாய்வாகவும் இருந்தால் கழுதைப்புலி. நாயின் முன்பின் தடங்களில் இவ்வளவு வேறுபாடு இராது. ஒற்றைத் தடத்தை வைத்து முடிவு செய்யாமல் நான்கைந்து அடி தொடர்ந்து பார்க்க வேண்டும். வெளுத்த எச்சத்தை மட்டும் நம்பவும் கூடாது. எலும்பு நிறையத் தின்ற நாயின் எச்சமும் வெளுக்கும். ஒரே இடத்தில் பழையதும் புதியதுமாகக் குவிந்திருந்து, பக்கத்தில் புல்தண்டில் பசையும் இருந்தால் சந்தேகமில்லை.

தானியங்கி கேமராவில் ஒவ்வொரு விலங்கின் வரியும் வெவ்வேறு என்பதால் எண்ணிக்கை எடுக்கலாம். இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு, ஆகவே பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் ஒரே விலங்கை இரண்டாக எண்ணிவிடுவோம். முழங்கால் உயரத்தில் கட்டி, இரண்டின் ஃப்ளாஷும் ஒன்றையொன்று பார்க்காதபடி கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். பிடரி மயிர் சிலிர்த்திருக்கும் படங்களில் விலா வரிகள் மறைந்துவிடும். அப்போது கால்களிலும் தொடையிலும் உள்ள வரிகளை ஒப்பிடுவதே நம்பகமானது.

ஆடு மாடு செத்துக் கிடந்து, எலும்பும் உடைந்திருந்தால் ஊரில் பழி கழுதைப்புலி மேல் விழும். கழுத்துத் தோலை உரித்துப் பார்த்தால் போதும். உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால் தோலுக்கடியில் பல் குத்திய இடத்தைச் சுற்றி ரத்தம் கன்றிப் பரவியிருக்கும். தொண்டையில் நான்கு ஆழ்ந்த கோரைப்பல் துளைகள், சுற்றிலும் ரத்தக் கன்றல் என்றால் சிறுத்தையின் வேலை. பின்கால், வால், காது என்று பல இடங்களில் தாறுமாறான கடி, எல்லாவற்றிலும் கன்றல் என்றால் நாய்கள். கன்றலே இல்லாமல் எலும்பு மட்டும் உடைந்து, ஒரு கால் காணாமல் போயிருந்தால் அது செத்த பிறகு வந்த கழுதைப்புலி. அழுகுவதற்குள், முடிந்தால் அன்றே பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் பிணம் முழுவதுமே கறுத்துப்போய்க் கன்றல் எது என்று தெரியாது.

இதைச் சரியாகப் பார்க்காததால் நடக்கும் கேடு பெரியது. சிறுத்தையைப் பழிவாங்க மாட்டுப் பிணத்தில் பூச்சிமருந்து வைக்கிறார்கள், முதலில் வந்து தின்று சாவது கழுதைப்புலியும் பாறு கழுகும். மோயாற்றுப் பள்ளத்தாக்கு தென்னிந்தியாவில் பாறு கழுகுகளுக்கு எஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடம் என்பதால் அங்கே ஒரே பிணத்தில் இரண்டும் போகும். டைக்ளோஃபெனாக் என்ற மருந்து ஏறிய மாட்டுப் பிணங்களைத் தின்று 1990களிலிருந்து பாறு கழுகுகள் பெருமளவு அழிந்தன. அவை விட்ட இடத்தைப் பெரும்பாலும் தெருநாய்கள்தான் பிடித்துக்கொண்டன. நாய்க் கூட்டம் பிணத்திலிருந்து கழுதைப்புலியை விரட்டும், வளையில் குட்டிகளைக் கொல்லும், வெறிநோயையும் டிஸ்டெம்பர் என்ற நாய்த் தொற்றுநோயையும் கொண்டுவரும். உலகம் முழுவதும் புள்ளிக் கழுதைப்புலி 27,000 முதல் 47,000 வரை இருக்கும் என்பது மதிப்பீடு. வரிக் கழுதைப்புலியில் வளர்ந்தவை 10,000க்கும் குறைவு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வரிக் கழுதைப்புலியைக் கொல்வது குற்றம். காட்டோரத்தில் மாடு செத்தால் மருந்து வைக்காமல், தார்ச்சாலையிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் தள்ளி வெட்டவெளியில் போடுவது, கடைசியாக டைக்ளோஃபெனாக் போன்ற வலிமருந்து ஊசி போட்ட மாடாக இருந்தால் மட்டும் ஆழக் குழி தோண்டிப் புதைப்பது, சிறுத்தை கொன்றதாகத் தெரிந்தால் அன்றே வனத்துறையில் பதிந்து இழப்பீடு கேட்பது ஆகிய மூன்றும் அங்குள்ள மாட்டுக்காரர்களால் இன்றே செய்யக்கூடியவை.